ஆறு மில்லிமீட்டர் மரம்

குஸ்தாவ் கையேபொத் 1875இல் தீட்டிய ஓர் ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டையில்லாத மூன்று ஆண்கள் முழங்காலிட்டு, வசதியான ஒரு வீட்டின் மரத்தரையைக் கைக்கருவிகளால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். பால்கனிப் பக்கமிருந்து வரும் வெளிச்சம் அவர்களுடைய முதுகிலும் தரையிலும் ஒன்றுபோல விழுகிறது. தரையில் ஒரு பட்டை கறுத்து மினுங்குகிறது, அடுத்த பட்டை வெளுத்துக் கிடக்கிறது, நடுவே சுருள்சுருளாக மரச்சீவல். அந்த ஆண்டு சலோன் என்ற அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சியின் நடுவர்கள் இந்த ஓவியத்தை ஏற்கவில்லை. மறு ஆண்டு இம்ப்ரஷனிஸ்டுகளின் இரண்டாவது கண்காட்சியில் அது இடம்பெற்றது. உழைக்கும் உடலை இவ்வளவு பெரிதாக, புராணமோ வரலாறோ துணைக்கு இல்லாமல் வரைந்ததைப் பற்றிக் கலை விமர்சகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது முன்னே நீண்டிருக்கும் அந்தக் கைகள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை முழு வலுவும் செலவாகிற வேலையில், தேவைக்கு மேல் ஒரு மயிரிழை மரத்தை எடுக்கவும் யாருக்கும் மனம் வராது. கையின் களைப்பே மரத்துக்குக் காவலாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தில் ஓடும் உருளை எந்திரம் பரவியதும் அந்தக் காவல் போய்விட்டது. மூவர் செய்ததை ஒருவர் செய்கிறார், வலிக்காமல் செய்கிறார். வலிக்காததால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதும் உறைப்பதில்லை. தேய்ந்த மரத்தரையைப் புதிதாக்குவது என்று இன்று சொல்லப்படும் வேலை, பெரும்பாலான வீடுகளில், மீண்டும் ஈட்ட முடியாத ஒரு கையிருப்பை அநாவசியமாகச் செலவழிக்கும் வேலையாக இருக்கிறது என்பதே என் வாதம்.

நம் ஊர் வீடுகளில் தரை என்றால் கல், காவி பூசிய சிமெண்ட், ஆத்தங்குடிக் கல், இப்போது டைல்ஸ். மரத்தரையோடு தினமும் வாழ்கிற தமிழர்கள் டொரண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். அங்கே 1900க்கும் 1950க்கும் இடையில் கட்டிய ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் அதன் தரை ஓக் மரப் பட்டிகளால் ஆனது. பட்டி ஒன்று முக்கால் அங்குலக் கனம், அதாவது 19 மில்லிமீட்டர். அகலம் பெரும்பாலும் இரண்டேகால் அங்குலம். ஒரு பக்கத்தில் நாக்கும் மறுபக்கத்தில் காடியுமாகச் சீவி, ஒன்றின் நாக்கை அடுத்ததன் காடியில் செருகி, நாக்கின் மேல்விளிம்பில் சாய்வாக ஆணி அடித்திருப்பார்கள். அதனால் மேலே பார்த்தால் ஓர் ஆணித்தலையும் தெரியாது. இந்த அமைப்பின் அழகு அதுதான். அதன் எல்லையும் அதுவே. 19 மில்லிமீட்டர் மரம் இருந்தாலும் பயன்படக்கூடியது நாக்குக்கு மேலே உள்ள ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மட்டும். அதற்குக் கீழே போனால் காடியின் மேலுதடு மெலிந்து பிளக்கும், ஆணித்தலைகள் எட்டிப் பார்க்கும், பட்டிகள் ஒன்றோடொன்று பிடிப்பை இழந்து நடக்கும்போது கிறீச்சிடும். அடியில் மரம் இன்னும் இரண்டு மடங்கு கிடந்தாலும் தரையின் ஆயுள் முடிந்துவிட்டது.

இந்த 6 மில்லிமீட்டரை எது தின்கிறது என்று கேட்டால், வீட்டில் நடந்தவர்களின் கால்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். அது தவறு. கால்கள் தேய்ப்பது பெரும்பாலும் மரத்தை அல்ல, மரத்தின் மேலிருக்கும் பூச்சை. மூன்று கை பூசிய பாலியூரித்தேன் படலம் காய்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூடத் தேறுவது கடினம். தரை மங்கியதாக, கீறியதாக, கிழடுதட்டியதாகத் தெரிவதெல்லாம் அந்தப் படலத்துக்குள் நடக்கும் நாடகம். கீறுவதும் காலல்ல, காலணியின் அடியில் ஒட்டிவரும் மணல். மணலிலுள்ள குவார்ட்ஸ் எந்த மரத்தைவிடவும், இந்தப் பூச்சைவிடவும் கடினமானது. செருப்பை வாசலில் விடும் வீட்டில் தரை பல ஆண்டுகள் கூடுதலாகத் தாங்குவதற்கு வேறு மர்மம் கிடையாது. இனி மருந்தின் அளவைப் பாருங்கள். உருளை எந்திரத்தில் 36ஆம் எண் உப்புத்தாளை மாட்டி, பிறகு 60, பிறகு 80 அல்லது 100 என்று முழுதாக இழைத்தால், கவனமுள்ள தொழிலாளியே முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தை எடுத்துவிடுவார். பழக்கமில்லாதவர் வாடகைக்கு எந்திரம் எடுத்துவந்து ஓட்டினால், அதுவும் ஓரிடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டால், இன்னும் ஆழமாகக் குழி விழும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நோய்க்கு அதைப்போல் ஏழெட்டு மடங்கு சதையை அறுக்கிறோம். மூன்று தலைமுறைக் கால்கள் செய்யாததை ஒரு சனி, ஞாயிறு செய்துவிடுகிறது.

இந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதில் பூச்சுகளின் வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அமெரிக்காவின் சாதாரண வீட்டுத் தரை பூச்சில்லாத பைன் பலகை. மணலும் தண்ணீரும் போட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவார்கள். டென்மார்க்கில் இன்றும் சோப்புக் கரைசலால் மட்டுமே கழுவிப் பேணப்படும் வெளுத்த மரத்தரைகள் உண்டு. ஜப்பானில், தோகென் 1244இல் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தின் தாழ்வாரங்களைத் துறவிகள் குனிந்து ஓடியபடி ஈரத்துணியால் துடைக்கிறார்கள். பழைய ஜப்பானிய வீடுகளில் அரிசித் தவிட்டைத் துணிப்பையில் கட்டித் தரையைத் தேய்ப்பதும் வழக்கமாக இருந்தது. தவிட்டின் எண்ணெய் மெல்ல மெல்ல மரத்தில் ஏறும். ஓக் பட்டித்தரை எந்திரத் தயாரிப்பாக மலிந்தபோது அதன்மேல் வார்னிஷோ ஷெல்லாக்கோ பூசி, மேலே மெழுகு தேய்த்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் சாமுவேல் கர்டிஸ் ஜான்சன் 1886இல் ஒரு மரத்தரை வியாபாரத்தை வாங்கினார். தரை வாங்கியவர்கள் அதை எப்படிப் பேணுவது என்று கேட்கத் தொடங்கவே, அவர் மெழுகு தயாரித்துக் கொடுத்தார். கடைசியில் மெழுகு விற்பனை தரை விற்பனையை முந்திவிட்டது. இன்று உலகமெங்கும் அறியப்பட்ட எஸ். சி. ஜான்சன் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். தரையை வாங்குவதும் அதைக் கவனிப்பதும் ஒரே கொடுக்கல்வாங்கலின் இரண்டு பகுதிகள் என்று அன்றைய வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஷெல்லாக் நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்குதான் அது. இந்தியாவில் அதிகம் விளைவது ஜார்க்கண்டில். 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரல் பதிந்த பழைய இசைத்தட்டுகளும் இந்த அரக்கைக் கொண்டு செய்தவையே. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேக்குக் கதவில் ஏற்றும் ஆசாரிமார் அதைப் பிரெஞ்சு பாலிஷ் என்பார்கள். அதன் குணத்தை அவர்கள் அறிவார்கள்: ஸ்பிரிட் பட்டதும் பழைய அரக்கு இளகும், புதிய பூச்சு பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். நேற்றுப் போட்டதற்கும் ஐம்பது ஆண்டுக்கு முன் போட்டதற்கும் இடையே எல்லைக்கோடு இருக்காது. ஓரிடம் தேய்ந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். மெழுகும் அப்படியே. பழகிய தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏறஏற அது நன்றாகிறது. ஒருநாள் யாரோ சாம்பல் போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டால் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. அரக்கும் மெழுகும் ஏறிய தரை அந்த இனத்தைச் சேர்ந்தது.

பாலியூரித்தேன் வேறு இனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்து, 1960களுக்குப் பின் வீட்டுத் தரைகளை ஆக்கிரமித்த இந்தப் பூச்சு, காயும்போது தன் மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துக்கொள்கிறது. பிறகு எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் இளகாது. தண்ணீருக்கு அஞ்சாது, சாராயத்துக்கு அஞ்சாது, மெழுகு கேட்காது. அதன் பலம் முழுவதும் உண்மையானது. நான் அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஈரக் குவளை வைத்தால் வெள்ளை வளையம் விழும் ஷெல்லாக் தரையோடு வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்திருக்கும். ஆனால் அதே குணம் ஒரு பொறியையும் உண்டாக்கியது. இளகாத பூச்சோடு புதிய பூச்சு கலக்காது, மேலே ஒட்டிக்கொள்ள மட்டுமே செய்யும். ஒட்டுவதற்கும் பழைய படலத்தை மெல்லிய வலைத்தாளால் லேசாகக் கீறிவிட வேண்டும். மேற்படலம் தேய்ந்திருந்தாலும் மரம் வெளியே தெரியாத வரையில் இது எளிய வேலை: மரத்தைத் தொடாமல் மேலே ஒரு கை பூசிவிடலாம், ஒரு நாளில் முடிந்துவிடும். மரம் தெரிந்துவிட்ட பிறகு இது சரிவராது. அழுக்கும் ஈரமும் ஏறி ஓக் சாம்பல் நிறமாகிவிடும். இரும்பு பட்ட இடத்தில் மரத்தின் டானினோடு சேர்ந்து கறுப்புக் கறை விழும். அங்கே மட்டும் பூசினால் திட்டாகத் தெரியும். பிறகு எந்திரம்தான்.

கவனிப்பே வேண்டாம் என்ற வாக்குறுதியோடு வந்த பொருள், கவனிக்கும் பழக்கத்தையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டது. மெழுகுத் தரைக்காரர் மாதக்கணக்கில் தரையோடு குனிந்து பழகியதால், எந்த வாசலருகே மங்குகிறது, எந்த நாற்காலிக்கு அடியில் கீறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாலியூரித்தேன் தரைக்காரர் பதினைந்து ஆண்டு நிம்மதியாக இருக்கிறார். பதினாறாம் ஆண்டில் நிமிர்ந்து பார்க்கும்போது வாசலிலும் அடுப்படியிலும் மரம் சாம்பல் பூத்திருக்கிறது. சிறிய வேலைகளுக்கான காலம் கடந்து, பெரிய வேலைக்கான காலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பூச்சின் கடினத்தைப் பார்த்து மரம் காப்பாற்றப்படுகிறது என்று நம்புகிறோம். உண்மையில் அதன் கடினம் சேதத்தைத் தள்ளிப்போடுகிறது, தள்ளிப்போட்டதை மொத்தமாக வசூலிக்கிறது.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது உழைப்பைப் பற்றியது. மெழுகு தேய்த்த அந்தப் பொற்காலத்தில் தேய்த்தது யார்? வீட்டுப் பெண்கள், வேலைக்காரர்கள், அமெரிக்காவின் தெற்கில் கறுப்பினப் பணிப்பெண்கள். முழங்கால் வீங்க அவர்கள் குனிந்திருந்ததை ஒரு கலாச்சார இழப்பாகப் பாடுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் இதன் முடிவு எந்திரம் போட்டு இழைப்பது என்பதல்ல. ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட தம் நூலில் வீட்டுச் சாதனங்களின் வரலாற்றை எழுதி, உழைப்பைக் குறைக்க வந்த கருவிகள் பெண்களின் வேலை நேரத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை, எதிர்பார்ப்பின் அளவுகோலையே உயர்த்திவிட்டன என்று காட்டினார். தரைக்கும் அது பொருந்தும். மாதந்தோறும் மெழுகிடச் சொன்னதும் கண்ணாடி போன்ற பளபளப்புதான் நல்ல குடும்பத்துக்கு அடையாளம் என்ற எதிர்பார்ப்பே. இன்று சிறு கீறலுக்கும் எந்திரத்தைக் கூப்பிடச் சொல்வதும் அதே எதிர்பார்ப்பே. நான் கேட்பது அந்த முழங்கால் உழைப்பை அல்ல. மரம் தெரிவதற்கு முன், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒருநாள் வேலையாக மேலே ஒரு கை பூசுவது. அல்லது தேய்ந்த இடத்தில் மட்டும் துணியால் தொட்டுத் தேய்க்கக்கூடிய எண்ணெய்ப் பூச்சு. இரண்டிலும் மொத்த உழைப்பு, வீட்டையே காலிசெய்து தூசியில் மூழ்கும் பெரிய வேலையைவிடக் குறைவு. அந்தப் பெரிய வேலையின் உழைப்பும் யாரோ ஒருவருடைய நுரையீரலில்தான் முடிகிறது. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வகைப்படுத்திவிட்டது. ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூசியில் வேலை செய்தவர்களிடம் மூக்குப் புற்று அதிகம் காணப்பட்டதே முக்கியச் சான்று. 1978க்கு முந்தைய அமெரிக்க வீடு என்றால் பழைய பெயின்டிலும் வார்னிஷிலும் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்த எதிர்வாதம் ரசனையைச் சார்ந்தது. பழுதில்லாத, ஒரே சீரான, புதுத் தரையைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை ஏன் பழிக்க வேண்டும்? வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் அலாய்ஸ் ரீகல் 1903இல் நினைவுச்சின்னங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இதை நேர்மையாக எதிர்கொண்டார். காலத்தின் தடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, புதுமைக்கும் ஒரு மதிப்பு உண்டு, பெரும்பாலான மக்கள் இரண்டாவதையே நாடுகிறார்கள், அன்றாடப் பயன்பாட்டில் இருக்கும் பொருள் நல்ல நிலையில் இருந்தாக வேண்டும் என்ற தேவையும் நியாயமானது என்று அவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு முன்னே ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின் 1849இல் புனரமைப்பையே அழிவு என்று கண்டித்தார். இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதும், தேவாலயங்களின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியெடுத்துப் புதுக்கோலம் தரும் வழக்கத்தை எதிர்த்துத்தான். என் மனம் மோரிஸின் பக்கம் சாய்ந்தாலும், குடியிருக்கும் வீட்டை மோரிஸின் தேவாலயம்போல் நடத்த முடியாது. குழந்தை தவழும் தரையில் சிராய் குத்தக்கூடாது. ஆனால் பயன்பாட்டுக்குத் தேவையானது வேறு, கண்ணுக்குப் புதிதாகத் தோன்ற வேண்டும் என்பது வேறு. முதலாவதற்குப் பூச்சு போதும். இரண்டாவதற்குத்தான் மரம் பலியாகிறது. அதிலும் நிறம் மாற்றும் ஆசை மிக மோசம். ஒரு பத்தாண்டில் தேன் நிறம் பழசாகிவிட்டது என்று இழைத்துச் சாம்பல் சாயம் ஏற்றினார்கள். அடுத்த பத்தாண்டில் சாம்பல் அலுத்து, வெள்ளை ஓக்கின் இயல்பு நிறம் வேண்டும் என்று மறுபடி இழைக்கிறார்கள். தரையில் ஒரு குறையும் இல்லாதபோதே, இரண்டு மோஸ்தருக்காக 6 மில்லிமீட்டரில் கால் பங்கு போய்விடுகிறது. இருபது ஆண்டு வெயிலில் ஓக் அடைந்த நிறம் மேற்புறத்து மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது என்பதால் எந்திரத்தின் முதல் ஓட்டத்திலேயே அதுவும் மறைந்துவிடும். எந்தச் சாயமும் அதைத் திருப்பித் தராது.

வறுமையின் பக்கமிருந்து எழும் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தேய்ந்த தரையை அழகென்று சொல்வது, புதிய தரை வாங்க முடிந்தவரின் சொகுசு. உடைந்ததோடும் கிழிந்ததோடும் வாழ்ந்து வந்தவர் முதன்முதலாக ஒரு வீட்டை வாங்கும்போது, முந்தைய குடியிருப்பாளரின் நாய் நனைத்த கறையையும் சிகரெட் சுட்ட வடுவையும் காலத்தின் தடம் என்று போற்றும்படி அவரிடம் சொல்வது அநியாயம். சரிதான். யாருடைய கறையையும் சுமக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் கறுத்த கறையில் பாதிக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் போதும். சுட்ட பட்டி நான்கு என்றால் நான்கை மட்டும் அறுத்தெடுத்து, அலமாரிக்குள் மறைந்திருக்கும் தரையிலிருந்து அதே வயதுப் பட்டிகளைப் பெயர்த்து வைக்கலாம். நல்ல தச்சருக்கு இது சாதாரண வேலை. கையில் காசு குறைவாக இருப்பவருக்கு இழைக்கப்படாத மரமே சேமிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்கர்கள் ஓக் தரைகளின்மேல் சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்தார்கள். அந்தக் காலத்து ரசனையைப் பலரும் இப்போது நொந்துகொள்கிறார்கள். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் எந்திரம் நெருங்காமல் கம்பளம் காத்ததனால்தான் எத்தனையோ எளிய வீடுகளில் முழுக்கனத் தரை இன்றும் எஞ்சியிருக்கிறது.

மரம் வளரக்கூடியது, தரை தீர்ந்தால் புதுத் தரை போடலாம் என்பவர்களும் உண்டு. ஓக்கைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வெட்டுவதைவிட வளர்வது கூடுதல். எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. தெற்கு மாநிலங்களின் பழைய வீடுகளில் கிடக்கும் நீள ஊசி பைன் தரைகள், ஒருகாலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரந்திருந்த காட்டிலிருந்து வந்தவை. அந்தக் காட்டில் இன்று நூற்றுக்கு ஐந்து பங்குகூட மிஞ்சவில்லை. மெல்ல வளர்ந்து, வளையம் நெருங்கி, பிசின் ஊறி, வெளிறு சிறுத்து வைரம் பாய்ந்த அந்த மரத்துக்கும், தோட்டத்தில் முப்பது ஆண்டில் வளர்த்து வெட்டும் பைனுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. அமெரிக்கச் செஸ்ட்நட்டின் கதை இன்னும் கொடியது. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச் சாலையில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சைநோய், அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு, நானூறு கோடி மரங்களை அழித்துவிட்டது. அந்த மரத்தால் செய்த தரை ஒரு வீட்டில் இருந்தால், அதை இழைத்துப் பறக்கும் தூசிக்கு ஈடாக வெட்டக்கூடிய மரம் காடுகளில் அநேகமாக இல்லை.

இழைக்கவே கூடாது என்று சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. வெள்ளம் புகுந்து நெளிந்த தரைக்கும், பலகையின் பாதிப்பரப்பு சாம்பல் பூத்துவிட்ட தரைக்கும், சிராய் கிளம்பிய தரைக்கும் வேறு வழியில்லை. அப்போதும் அவசரம் கூடாது. நனைந்த பட்டி ஓரம் உயர்ந்து நடு பள்ளமாகக் கிண்ணம்போல் வளையும். சிவப்பு ஓக் முழு ஈரத்திலிருந்து முழுதாக உலரும்வரை வளையத்தின் போக்கில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு சுருங்கக்கூடிய மரம். உயர்ந்த ஓரத்தைப் பார்த்துப் பொறுக்காமல் உடனே இழைத்துச் சமமாக்கினால், சில மாதங்களில் மரம் உலர்ந்து தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். சும்மா விட்டிருந்தால் தானே சரியாகியிருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது பட்டிகளுக்கிடையே விழும் இடைவெளியும் இப்படியே. அதில் மக்கு அடைப்பவர்கள் கோடையில் மரம் விரிந்து மக்கு பொருபொருவென்று வெளியே வருவதைக் காண்பார்கள். இழைத்தே தீர வேண்டிய தரையிலும் தொடங்கும் எண் முக்கியம். 60இல் தொடங்கினால் போதும் என்ற இடத்தில் 36ஐ மாட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும், மரத்தை மிச்சப்படுத்தாது. தரையில் பதித்திருக்கும் காற்றுக் குழாயின் தட்டியைக் கழற்றி, பட்டியின் வெட்டுவாயில் இன்னும் எவ்வளவு கனம் மிச்சம் என்று அளந்து பார்க்காமல் எந்திரத்தை உள்ளே விடக்கூடாது. அளந்த எண்ணை வீட்டுப் பத்திரத்தோடு எழுதிவைப்பதும் நல்லது. அடுத்து வாங்குபவருக்கு அது சுவரின் நிறத்தைவிட உபயோகமான செய்தி.

இப்போது கவலைக்குரியது பழைய தரைகளைவிடப் புதியவைதான். கடைகளில் மரத்தரை என்ற பெயரில் அதிகம் விற்பது ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய ஓக் தோலை ஒட்டிய பலகை. தோலின் கனம் நல்லவற்றில் 4 மில்லிமீட்டர், மலிவானவற்றில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. தொழிற்சாலையிலேயே அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சைப் புற ஊதா ஒளியில் இறுக்கி அனுப்புகிறார்கள். அது பாலியூரித்தேனைவிடவும் கடினம், மேலே வேறெதையும் ஒட்டவிடுவதில் அதைவிடவும் பிடிவாதம். பூச்சு போனால் மறுபூச்சு கடினம், மலிவானவற்றை இழைத்தால் தோல் கிழியும், ஆகவே பெயர்த்தெறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டும். தேய்மானத்தைச் சரிசெய்யும் இரண்டு வழிகளையும் தயாரிக்கும்போதே அடைத்துவிட்டு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். உத்தரவாதம் பூச்சுக்கு, தரையைப் பழுதுபார்க்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. தோலின் கனம் எத்தனை மில்லிமீட்டர், மேலே மறுபடி எந்தப் பூச்சு ஒட்டும் என்ற இரண்டையும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் உத்தரவாதத்தின் அதே எழுத்தளவில் அச்சிடும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை வாங்குபவர் கடைக்காரரிடம் ஒரு பலகையை வாங்கி, அதன் வெட்டுவாயைத் தாமே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.